தானா ரீஸ்டார்ட் ஆகுற பொட்டியும் நம்மூர் ஃபார்மட் வைத்தியர்களும்

டிஸ்கி முதல்லயே: இது மொக்கைப் பதிவு இல்ல. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் எழுதுறதால நடுநடுவே எலக்ட்ரானிக்ஸும் வரும். பொறுத்துக்கோங்க மக்களே.

போன ஒரு வருஷத்துல எங்க குடும்பம் திண்டிவனத்துல ரெண்டு கடை, விழுப்புரத்துல ஒரு கடைன்னு மூணு கம்ப்யூட்டர் கடை ஏறி இறங்கிடுச்சு. மூணு இடத்துலயும் போட்ட கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, பொட்டி தானா ரீஸ்டார்ட் ஆகுது, என்னன்னு பாருங்க." வந்த பதிலும் ஒண்ணுதான். "வைரஸா இருக்கும். ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் ஏத்திட்டா கிளியர் ஆயிடும்."

ஒருத்தரும் கேபினட் கதவைத் திறக்கல. வீட்டுல வோல்டேஜ் எப்படி வருதுன்னு கேக்கல. யுபிஎஸ் இருக்கா, இருந்தா பேட்டரி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேக்கல. எந்த நேரத்துல ரீஸ்டார்ட் ஆகுதுன்னுகூட கேக்கல. வயித்து வலின்னு போனவனுக்கு மொட்டை அடிச்சு அனுப்புறதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. மொட்டையாவது திரும்ப முளைக்கும். ஃபார்மட் போட்ட டிரைவ்ல இருந்த போட்டோ முளைக்காது.

அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். தானா ரீஸ்டார்ட் ஆகுற பொட்டிக்கு ஃபார்மட் என்பது முதல் வைத்தியமா இருக்கவே கூடாது. அது கடைசி. அதுவும் கேட்டுட்டுதான் செய்யணும். இதைச் சொன்னா "சாஃப்ட்வேர் கம்பெனியில உக்காந்துகிட்டு உனக்கு என்ன தெரியும் ஃபீல்டு கஷ்டம்"னு கேக்குறாங்க. சரி, ஃபீல்டுலயே நின்னு பேசுவோம்.

ஒரு பொட்டி திடீர்னு அணைஞ்சா "கரண்ட் போச்சு"ன்னு எல்லாருக்கும் புரியுது. அணைஞ்சு தானா திரும்ப ஏறினா மட்டும் "விண்டோஸ்ல ஏதோ கோளாறு"ன்னு தோணுது. இந்தத் தோணல்தான் தப்பு. எஸ்எம்பிஎஸ்ல இருந்து மதர்போர்டுக்குப் போற பெரிய கனெக்டர்ல ஒரு சாம்பல் கலர் ஒயர் இருக்கும் பாருங்க. அதுக்குப் பேரு பவர் குட். "நான் குடுக்குற 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கு, நீ ஓடலாம்"னு எஸ்எம்பிஎஸ் சொல்ற சிக்னல் அது. உள்ளே வர்ற கரண்ட் ஒரு கணம் தடுமாறினா இந்த சிக்னல் விழும். விழுந்த உடனே போர்டு எல்லாத்தையும் ரீசெட் பண்ணும். கரண்ட் உடனே சரியாயிட்டா சிக்னல் திரும்ப ஏறும், பொட்டி மறுபடி முதல்லேர்ந்து பூட் ஆகும். நீங்க பாக்குறது "தானா ரீஸ்டார்ட்". விண்டோஸுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. தூங்கிட்டிருந்தவனைத் தண்ணி ஊத்தி எழுப்பிட்டு "ஏன்டா எழுந்த"ன்னு அவனையே அடிக்கிற கதை.

எவ்வளவு நேரத் தடுமாற்றம்? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். உள்ளே கரண்ட் நின்னாலும் ஒரு எஸ்எம்பிஎஸ் முழு லோடுல தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் ஏடிஎக்ஸ் கணக்குப்படி சுமார் 16, 17 மில்லி செகண்ட்தான். ஒரு சுற்று முழுசாக் காணாமப் போனாலே ஆபத்து. ட்யூப்லைட் ஒரு தடவை கண்ணடிக்கிற நேரம். அதுவும் நம்மூர்ல அசெம்பிள் பண்றப்ப கேபினட்டோட இலவச இணைப்பா வருமே, கையில எடுத்தா தக்கை மாதிரி கனமே இல்லாம ஒரு "450 வாட்" எஸ்எம்பிஎஸ், அது அந்த 16-ஐத் தாக்குப்பிடிக்கும்னு யாராவது சொன்னா நான் சிரிச்சிடுவேன்.

இப்ப எங்க அக்கா கதை. திண்டிவனத்துலேர்ந்து மயிலம் போற வழியில ஒரு கிராமம். அந்த லைன்ல வீடும் இருக்கு, பம்பு செட்டும் இருக்கு. தமிழ்நாட்டுல விவசாயத்துக்கு 1990-லேர்ந்து இலவச மின்சாரம். நல்ல விஷயம், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா த்ரீ ஃபேஸ் வர்ற நேரத்துல ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் எல்லாம் ஒண்ணா எழுந்திருக்கும். மோட்டார் கிளம்புற அந்தக் கணத்துல சாதாரணமா இழுக்குற கரண்ட்டைப் போல பல மடங்கு இழுக்கும். லைன் கடைசியில இருக்குற வீட்டுல பல்பு மங்கும், ஃபேன் முனகும். அக்கா பொட்டி ரீஸ்டார்ட் ஆகும்.

அக்கா வீட்டுல இருந்தே தமிழ் டைப்பிங் பண்றா. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பசங்க ப்ராஜெக்ட், ஆன்லைன் அப்ளிகேஷன். பெரிய வருமானம் இல்ல, ஆனா அவ சம்பாத்தியம். முதல் தடவை ரீஸ்டார்ட் பிரச்னை வந்தப்ப திண்டிவனத்துல ஒரு கடை. 500 ரூபாய், ஃபார்மட். நாலு நாள்ல திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டாவது கடை. 600 ரூபாய், ஃபார்மட். கொண்டு போறப்ப "டெஸ்க்டாப்ல ஃபைல் இருக்கு, பாத்து"ன்னு அக்கா சொல்லியிருக்கா. "டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாதும்மா"ன்னு பதில். டெஸ்க்டாப்ங்கறது சி டிரைவ்ல இருக்குங்கறதை அவரு சொல்லல, அவளுக்குத் தெரியல. டெஸ்க்டாப்ல "அப்பா"ன்னு ஒரு ஃபோல்டர். 2021-ல எங்க அப்பா தவறினதுக்கு அப்புறம், அவரு போன்ல இருந்த போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் அவ எடுத்து வெச்சது. போன் ஏற்கனவே பழசாகி எக்ஸ்சேஞ்சுல போயாச்சு.

ரெக்கவரி பண்ணலாமேன்னு கேப்பீங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா வாய்ப்பு உண்டு. அதுல ஃபார்மட் போட்டாலும் மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் பழைய டேட்டா அங்கேயே கிடக்கும். ஆனா இப்ப எல்லாமே எஸ்எஸ்டி. விண்டோஸ் ஃபார்மட் போடும்போதே "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்"னு டிரைவுக்கு ட்ரிம்னு ஒரு கட்டளை போகும். டிரைவும் ரொம்ப விசுவாசமா உள்ளே இருந்து அழிச்சுடும். அப்புறம் எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டாலும் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். அதாவது 2005-ல "ஃபார்மட் போட்டுடலாம்"னு ஒருத்தர் சொன்னதுக்கும் இன்னிக்கு ஒருத்தர் சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பேச்சு அதேதான், சேதாரம்தான் பல மடங்கு. இது கடைக்காரங்களுக்குத் தெரியாதுன்னு நான் நம்பத் தயாரா இல்ல. எஸ்எஸ்டியை வித்ததே அவங்கதானே?

மூணாவது தடவை அக்கா கேபினட்டைத் துணியில சுத்தி மடியில வெச்சுகிட்டு பஸ் ஏறி நாப்பது கிலோமீட்டர் விழுப்புரம் போனா. "பெரிய கடை, நல்லா பாப்பாங்க." பாத்தாங்க. ரெண்டு நாள் வெச்சிருந்து "இங்க நல்லாதாம்மா ஓடுது"ன்னு சொல்லி, அப்பவும் எதுக்கோ ஒரு ஃபார்மட் போட்டுக் குடுத்தாங்க. கடையில நல்லாதான் ஓடும். அங்க பேட்டரி உயிரோட இருக்குற யுபிஎஸ் இருக்கு, பக்கத்துல பம்பு செட் இல்ல. "இங்க ஓடுது, வீட்டுல ஓடல"ங்கறதே ஒரு துப்பு. அந்தத் துப்பைக் கையில வெச்சுகிட்டு ஓஎஸ் ஏத்துறவரை என்ன சொல்ல?

பொங்கல் லீவுல போனப்ப நான் பாத்தேன். பெரிய வித்தை ஒண்ணும் காட்டல. ஈவன்ட் வியூவர்னு ஒண்ணு விண்டோஸ்லயே இருக்கு. ஸ்டார்ட் மெனுவுல தேடினா வரும். அதுல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். அங்க கெர்னல் பவர், எண் 41-னு சிவப்புல ஒரு வரி இருந்தா, "ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம பொட்டி திரும்ப எழுந்துச்சு"ன்னு அர்த்தம். அதை டபுள் கிளிக் பண்ணி டீடெய்ல்ஸ் பாத்தா பக்செக் கோட்னு ஒரு எண். அது பூஜ்யமா இருந்தா, சாகறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எழுதக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கலன்னு அர்த்தம். கரண்ட், எஸ்எம்பிஎஸ், ரீசெட் பட்டன், இல்லைன்னா பொட்டி மொத்தமா உறைஞ்சு போனது, இந்தப் பக்கம் தேடணும். பூஜ்யம் இல்லாம வேற எண் இருந்தா நீலத்திரை வந்திருக்கு. அப்ப ரேம், டிரைவர், டிஸ்க் பக்கம் தேடணும். 1074-னு இருந்தா விண்டோஸ் அப்டேட்டோ வேற ஏதோ ஒரு ப்ரோகிராமோ வேணும்னே ரீஸ்டார்ட் பண்ணியிருக்கு, யாருன்னு பேரும் போட்டிருக்கும். ரெண்டு நிமிஷ வேலை சார் இது. காசு செலவில்லை.

அக்கா பொட்டியில பதினோரு நாள்ல பதினாலு 41. எல்லாத்துலயும் கோடு பூஜ்யம். எல்லாமே காலையிலயும் மதியமும் த்ரீ ஃபேஸ் வர்ற நேரத்தை ஒட்டி. அதுக்கு முந்தின மாசக் கணக்கு? அது போன ஃபார்மட்ல போச்சு. கவனிங்க, ஃபார்மட் போடறப்ப ஃபைல் மட்டும் போகல, சாட்சியும் சேர்ந்து போகுது. ஒவ்வொரு தடவையும் இந்த லாகைப் பாக்காமலே அழிச்சிருக்காங்க.

மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தா பிளக்குல 230-க்குப் பதில் 190. மோட்டார் கிளம்புற நேரம் 170-க்குக் கீழ. 230-க்குன்னு செஞ்ச பழைய டிசைன் எஸ்எம்பிஎஸ் எல்லாம் 180 வோல்ட் வரைக்கும்தான் உத்தரவாதம் குடுக்கும். யுபிஎஸ் ஒண்ணு இருந்துச்சு, பச்சை லைட் எரிஞ்சுகிட்டு கம்பீரமா. பிளக்கைப் புடுங்கினேன், அந்தக் கணமே பொட்டி அணைஞ்சது. பேட்டரி அஞ்சு வருஷம். அந்த 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரிக்கு ஆயுசே ரெண்டு, மூணு வருஷம். பேட்டரி செத்த யுபிஎஸ் வெறும் விலை உயர்ந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கேபினட்டைத் திறந்தா எஸ்எம்பிஎஸ் ஜாலி வழியா டார்ச் அடிச்சாலே தெரியுது, உள்ளே ரெண்டு கெப்பாசிட்டர் தலை உப்பி நிக்குது, உளுந்த வடை மாதிரி. புது எஸ்எம்பிஎஸ், 90 வோல்ட்லேர்ந்து 264 வரைக்கும் தாங்குறது. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. விண்டோஸைத் தொடவே இல்ல.

(ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸும் சதுர அலை குடுக்குற மலிவு யுபிஎஸ்ஸும் சில சமயம் ஒத்துப்போகாதுன்னு யாரோ ஒரு புண்ணியவான் பின்னூட்டத்துல வரப்போறாரு. உண்மைதான் தலைவா. வாங்கறதுக்கு முன்னாடி போட்டுப் பாத்துதான் வாங்கினேன்.)

சரி, இந்த "ரீஸ்டார்ட்னா வைரஸ், வைரஸ்னா ஃபார்மட்" மந்திரம் எங்கேர்ந்து வந்துச்சு? ஒரு காரணம் 2003. அந்த ஆகஸ்ட்ல பிளாஸ்டர்னு ஒரு வார்ம் உலகம் முழுக்க பரவுச்சு. எக்ஸ்பி போட்ட மெஷின்ல "60 செகண்ட்ல ஷட்டவுன் ஆகப்போகுது"ன்னு ஒரு பெட்டி வந்து, கவுண்ட்டவுன் ஓடி, ரீஸ்டார்ட் ஆகும். அப்ப நான் ஒண்ணாம் கிளாஸ். :-) அடுத்த வருஷம் சாஸர் வந்து இதே கூத்தைப் பண்ணுச்சு. அந்தக் காலத்துல தொழில் கத்துகிட்டவங்க சிஷ்யனுக்குச் சொல்லி, சிஷ்யன் அவனோட சிஷ்யனுக்குச் சொல்லி, இன்னிக்கு வரைக்கும் மந்திரம் ஓடுது.

தமாஷ் என்னன்னா, பிளாஸ்டருக்கே ஃபார்மட் வைத்தியம் இல்ல. அதுக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2003 ஜூலை 16-லயே வெளியிட்டுடுச்சு. வார்ம் வந்தது ஆகஸ்ட் 11. பேட்ச் போடாத எக்ஸ்பி சிடியை வெச்சுப் புதுசா ஓஎஸ் ஏத்தி, நெட்டை இணைச்சா கொஞ்ச நேரத்துலயே திரும்பப் புடிச்சிக்கும். ஃபார்மட் போட்டவன் புது மாலையோட பழைய குழியில விழுந்தான். அதோட, அந்த வார்ம் ஒளிஞ்சு செய்யல, பெட்டி போட்டு அறுபது எண்ணிட்டுதான் செஞ்சது. உங்க பொட்டி ஒரு அறிவிப்பும் இல்லாம பட்டுனு இருட்டாகித் திரும்ப வருதுன்னா, பிளாஸ்டர் கதையை அங்க கொண்டுவர வேண்டிய வேலையே இல்ல.

எக்ஸ்பி செஞ்ச இன்னொரு உபகாரம்: நீலத்திரை வந்தா அதைக் காட்டாம உடனே ரீஸ்டார்ட் பண்ணுங்கற டிக்கை இயல்பாவே போட்டு வெச்சது. விண்டோஸ் 11 வரைக்கும் அந்த டிக் அப்படியே இருக்கு. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்டு ரெக்கவரி போயி அந்த டிக்கை எடுத்து விட்டீங்கன்னா, அடுத்த தடவை நீலத்திரை நின்னு தன் பேரைச் சொல்லும். ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாம். இதை எந்தக் கடையிலயாவது செஞ்சு பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல.

"வன்பொருள் கோளாறெல்லாம் அபூர்வம், சாஃப்ட்வேர்தான் அடிக்கடி"ன்னு ஒரு வாதம் வரும். அபூர்வமா? 2000-களோட முதல் பாதியில உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர் உள்ள மதர்போர்டுங்க கூட்டங்கூட்டமா உப்பிச் செத்துச்சு. டெல் கம்பெனியோட ஆப்டிபிளெக்ஸ் மாடல்கள் இதுல மாட்டி, 2005-ல அதைச் சரி பண்ணவே 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்துச்சு. அது பழங்கதைன்னா, 2024-ஐ எடுத்துக்கோங்க. இன்டெலோட 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள்ல சிலது கண்டபடி கிராஷ் ஆகி, கடைசியில ப்ராசஸர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டதுதான் பிரச்னைன்னு கம்பெனியே ஒத்துகிட்டு, மைக்ரோகோட் திருத்தம் குடுத்து, வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சுது. அந்த ப்ராசஸர் வெச்சிருந்த எத்தனை பேரு நம்மூர்ல ஃபார்மட் மேல ஃபார்மட் போட்டுகிட்டு இருந்தாங்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சரி, நிஜமாவே சாஃப்ட்வேர்தான் காரணம்னே வெச்சுக்குவோம். அப்பவும் ஃபார்மட் கட்டாயம் இல்ல. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்புன ஒரு தப்பான அப்டேட்டால மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரை, ரீஸ்டார்ட், நீலத்திரை, ரீஸ்டார்ட்னு சுத்துச்சு. இந்திய ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. சாஃப்ட்வேரால ரீஸ்டார்ட் ஆகுறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. வைத்தியம் என்ன? சேஃப் மோட்ல போயி அந்த ஒரு வகை ஃபைலை அழிக்கணும். அவ்வளவுதான். காரணம் தெரிஞ்சதால ஒரு ஃபைலோட போச்சு.

இப்ப கடைக்காரங்க பக்கமும் ஒரு வார்த்தை, இல்லைன்னா ஒருதலைப்பட்சம்னு கும்மிடுவீங்க. ஃபார்மட்டுக்கு 500 குடுக்குற நாம, "ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தேன், எஸ்எம்பிஎஸ்தான் கோளாறு, பாத்ததுக்கு 300 குடுங்க"ன்னா குடுப்போமா? "பாத்ததுக்கே காசாண்ணே?"ன்னு ஆரம்பிச்சுடுவோம். கையில ஏதாவது மாறியிருக்கணும் நமக்கு. புது வால்பேப்பரோட பொட்டி திரும்பி வந்தா வேலை நடந்த மாதிரி ஒரு திருப்தி. ரேம் சரியா இருக்கான்னு பாக்க மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடணும். அந்த ராத்திரிக்கு யாரு காசு தர்றா? ஒரே ஒரு டேபிளும் ஒரு பையனும் வெச்சு கடை நடத்துறவரு எது சீக்கிரம் முடியுதோ அதைத்தான் செய்வாரு. இதுல நம்ம கஞ்சத்தனத்துக்கும் பங்கு இருக்கு, மறுக்கல.

ஆனா கேக்காம அழிக்கிறதுக்கு இது எதுவும் சமாதானம் ஆகாது. சி டிரைவ்ல இருக்கற யூசர் ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ண அரை மணி நேரம். அதுக்கு 200 கேளுங்க, குடுக்கறோம். "டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் போயிடும், சம்மதமா?"ன்னு பில்லுல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ஆஸ்பத்திரியில ஊசி போடறதுக்கு முன்னாடி அலர்ஜி இருக்கான்னு கேக்குறாங்கல்ல, அந்த அளவு போதும்.

நம்ம பதிவர்களுக்கும் ஒண்ணு. "உங்கள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? இந்த 5 சாஃப்ட்வேரை நிறுவுங்கள்"னு எழுதறதை நிறுத்துங்க சாமி. ரெஜிஸ்ட்ரி கிளீனர் உப்பின கெப்பாசிட்டரை அமுக்காது. முதல்ல பொட்டிக்கு என்ன கரண்ட் போகுதுன்னு கேளுங்க. 2012-ல சென்னைக்கு வெளியே நாள் பூரா கரண்ட் கட் ஆனப்ப ஆளாளுக்கு வாங்குன இன்வெர்ட்டர் இன்னும் பல வீட்டுல ஓடுது. அதுல பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோட், நார்மல் மோட்னு. நார்மல்ல இருந்தா கரண்ட் மாறுற நேரம் அதிகம், ஃபேனுக்குத் தெரியாது, பொட்டிக்குத் தெரியும். அந்த சுவிட்சைத் தள்ளினாலே சில வீட்டுல பிரச்னை தீரும். ஒரு பதிவுல இதை ஒரு வரி சேத்தா எத்தனையோ டெஸ்க்டாப் ஃபோல்டர் பொழைக்கும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கடை வெச்சிருக்கற அண்ணன்மார் யாராவது படிச்சா பின்னூட்டத்துல வந்து தாராளமா திட்டலாம். ஆனா திட்டும்போது, போன வாரம் ரீஸ்டார்ட் பிரச்னைன்னு வந்த பொட்டியில 41 இருந்துச்சா, பக்செக் கோடு என்னன்னு சேர்த்து எழுதுங்க.

பி.கு: எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே இருந்து டார்ச் அடிச்சுப் பாக்குறதோட நிறுத்திக்கோங்க. பிளக்கைப் புடுங்கின அப்புறமும் உள்ளே இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் தேங்கி நிக்கும். தெரிஞ்சவங்க கையில குடுங்க, இல்லைன்னா மொத்தமா புதுசு மாத்துங்க.